பழுப்புத் துணி, வெள்ளைத் துணி

மட்டை அறைக்குள் ஈரமாக எதுவும் போகக் கூடாது. இது சாவியக்காவின் சட்டம். மழையில் நனைந்த மட்டை போகக் கூடாது, வேர்வையில் ஊறிய கையுறை போகக் கூடாது, குடையை உதறாத உறுப்பினரும் போகக் கூடாது. ஒருமுறை கோல்ஃப் கிளப்பின் தலைவரே சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற நீதிபதி அவர். எல்லாருக்கும் நீதிபதியம்மா.

"உள்ள வரலாமா சாவி?"

"நீங்க வரலாம்மா. குடை வெளியே நிக்கட்டும். அதுக்கு ஜாமீன் கிடையாது."

நீதிபதியம்மா சிரித்துக்கொண்டே குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். முப்பது வருடம் மற்றவர்களை எழுந்து நிற்க வைத்தவர், அந்த வாசலில் கால்மிதியில் இரண்டு கால்களையும் தேய்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

சாவியக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதனால் அந்தப் பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், ரயில்பெட்டி போல நீளமான அறை அவளுடையது. இரண்டு பக்கமும் சன்னல். மேலே இரண்டு மின்விசிறி. சுவரோரம் மரச்சட்டங்கள், அவற்றில் நாற்பது பைகள் நிமிர்ந்து நிற்கும். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "காத்து நடக்கறதுக்கு வழி விடணும்" என்பாள்.

வாசலை ஒட்டி ஒரு நீளப் பலகை. ஆட்டம் முடிந்து வரும் மட்டைகள் நேராகச் சட்டத்துக்குப் போக முடியாது. முதலில் இந்தப் பலகையில்தான் காத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், நான்கு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு பல் துலக்கும் பிரஷ். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து இரும்புத் தலையை மட்டும் நனைப்பாள். முகத்தில் இருக்கும் கோடுகளுக்குள் அப்பியிருக்கும் மண்ணைப் பிரஷால் ஒவ்வொரு கோடாகக் கிளறி எடுப்பாள். தலையும் தண்டும் சேரும் கழுத்தைத் தண்ணீர் தொடவே கூடாது. "கழுத்தைத் தாண்டினா தண்ணி உள்ளே குடியேறிடும். அப்புறம் காலி பண்ண வைக்க முடியாது." மரத்தலை மட்டைகளை நனைப்பதே இல்லை, பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்துணியால் இன்னொன்று. கைப்பிடி ரப்பரில் இருக்கும் வேர்வைப் பிசுக்குக்கும் அதே வைத்தியம். மட்டைத் தலைக்குப் போடும் உறைகள் அன்றிரவு முழுக்கக் கொடியில் தொங்கும். காலையில்தான் மறுபடி தலைக்குப் போகும்.

கடைசியாக ஒரு காரியம் செய்வாள். துடைத்த இரும்பைத் தன் கன்னத்தில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பாள். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் முதல்முறை இதைப் பார்த்தால், "என் மட்டைக்கு முத்தம் கொடுக்கறாங்களா?" என்று வாயைப் பிளப்பார்கள். "கொடுக்கல சார். நனைஞ்ச மட்டைக்கு அடிதான் கொடுக்கறது" என்பாள்.

இந்தக் கன்னப் பழக்கம் மருத்துவமனையிலிருந்து வந்தது. பத்தாவது படித்து முடித்துப் பத்தொன்பதாவது வயதில் ஒரு பெரிய மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவும் பிரிவில் சேர்ந்தாள். பதினோரு வருடம். கத்தரி, இடுக்கி, பல் வைத்த கவ்வி என்று ஒரு நாளைக்கு நானூறு உருப்படி அவள் கையில் புரளும். எது மழுங்கியது, எது இரண்டு கையும் சேரும் பூட்டுவாயில் இறுகியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பிறகு மருத்துவமனை அந்த வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது, பிரிவு மூடப்பட்டது. அந்த மாதமே கோல்ஃப் கிளப்பின் வேலியில் ஒரு அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். மட்டை அறைப் பொறுப்பாளர் தேவை, அனுபவம் அவசியம்.

நேரே உள்ளே போனாள். அப்போதைய செயலாளர் கேட்டார். "கோல்ஃப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். ஆனா இரும்பு தெரியும்."

அந்த ஒரு பதிலுக்கு வேலை கிடைத்தது. வந்த முதல் மாதத்தில் மட்டை செய்யும் நிறுவனங்களின் கையேடுகளை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படித்தாள். தலையைத் தண்டோடு ஒட்டுவது ஒருவகைப் பசை, அதற்கு வெயில் ஆகாது என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து வண்டியின் டிக்கியில் மட்டைப் பையைப் போட்டுவைப்பவர்களை அவள் விட்டுவைத்ததில்லை.

பல் டாக்டர்தான் பேச்சைக் கேட்காதவர். "அக்கா, டிக்கியில இருந்தா எனக்கு வசதி" என்று ஒரு கோடை முழுக்க அங்கேயே வைத்திருந்தார். ஒரு நாள் ஐந்தாவது குழியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து பத்தடி உருண்டது. மட்டையின் தலை கழன்று, பந்தைவிட நல்ல உயரத்தில், நல்ல நேர்கோட்டில் பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது. கையில் வெறும் தண்டோடு அறை வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து சாவியக்கா கேட்டது ஒன்றுதான். "வேர் போயிடுச்சா டாக்டர்? இனிமே கட்டுப் பல்தான்." அன்று முதல் டாக்டர் அவள் கட்சி. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் பிரஷ்களை எல்லாம் பெட்டி பெட்டியாக அறைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இப்படி ஒன்பது வருடம் ஓடிய பிறகு புது மேனேஜர் வந்தார்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. மரியாதையாகப் பேசுவார், யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். ஆனால் கண்ணுக்கு எல்லாம் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில் தெரிய வேண்டும் அவருக்கு. மரச்சட்டங்களையும், கொடியில் காதைப் பிடித்துத் தொங்கவிட்ட முயல்கள் மாதிரி ஆடும் உறைகளையும் பார்த்து அவர் முகம் சுருங்கியது. ஒரு மாதத்தில் அறையின் பாதிச் சட்டங்கள் கழன்றன. அந்த இடத்தில் நீல நிற இரும்பு லாக்கர்கள் இருபது வந்து நின்றன. வழவழப்பான கதவு, வெள்ளை எண், ஆளுக்கொரு சாவி.

"உறுப்பினர்களே வச்சுப்பாங்க, அவங்களே எடுத்துப்பாங்க" என்றார் மேனேஜர்.

"அப்ப ஈரத்தை யார் எடுப்பா சார்? மூடினா உள்ளே வேர்க்கும்."

"நல்ல பெயின்ட்க்கா. துருப் பிடிக்காது."

"லாக்கருக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கறதுக்கு?"

மேனேஜர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். இது சரியாக வந்தால் மிச்ச இருபதையும் மாற்றிவிடலாம்; அதன்பிறகு அறைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் தேவைப்பட மாட்டார். வேறு பிரிவில் இடம் காலியில்லை. "உங்ககிட்ட மறைக்க விரும்பலக்கா."

விஷயம் நீதிபதியம்மாவிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார். மழைக்காலம் தொடங்குகிறது, இருபது பை லாக்கரில், இருபது பை சாவியக்காவின் மரச்சட்டத்தில். மூன்று வாரம். இருபத்தோராம் நாள் குழு வந்து பார்க்கும். எந்தப் பக்கத்து மட்டை நன்றாக இருக்கிறதோ அந்த வழி. மேனேஜர் அதைத் தாளில் எழுதினார். சோதனை முடியும்வரை உறுப்பினரைத் தவிர வேறு யாரும் லாக்கரைத் திறக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தார். சாவியக்கா கையெழுத்துப் போட்டாள். அவசரத்துக்கான மாற்றுச் சாவிகள் இருபதும் அவள் கொத்திலேயே இருந்தன.

அவளுக்குத் துளிகூடப் பயமில்லை. "மூணு வாரம் எதுக்கு? பத்து நாள்ல அந்தப் பெட்டி நாறும்" என்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். பேருந்து ஓட்டுநரான அவன், "உன் புள்ளைக்குத் தலை துவட்டினதைவிட அந்த மட்டைக்குத் துவட்டினதுதான் அதிகம். தோப்பியா நீ?" என்றான்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை, ஆட்டக்காரர்கள் கிளம்பிய பிறகு, லாக்கர் வரிசையைத் தாண்டிப் போனவளுக்குக் கால் நின்றது. பதினான்காம் எண் கதவின் கீழிடுக்கிலிருந்து ஒரு சொட்டு. அப்புறம் இன்னொரு சொட்டு. உள்ளே யாரோ மட்டையை நனைந்தபடியே உறை மாட்டிச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அவளுக்கு லாபம். இரண்டடி நடந்தும் விட்டாள். மருத்துவமனையில் வேலைநேரம் முடியும்போது தொட்டியில் ஒரு கத்தரி கிடந்தாலும் விட்டுவிட்டு வந்ததில்லை அவள். சண்டை எனக்கும் மேனேஜருக்கும்தானே, இந்த இரும்பு என்ன பாவம் பண்ணியது என்று தோன்றியது. சாவியைத் தேடினாள். கதவு திறந்தது. துடைத்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வைத்துப் பூட்டினாள். அப்போது பக்கத்து லாக்கரும் கண்ணில் பட்டது. அன்று மாலை இருபதையும் துடைத்தாள். மறுநாளும். அதற்கு மறுநாளும். பெட்டிக்குள் இருப்பதைத் துடைக்க, மூலையில் கிடந்த பழைய துணிகளை எடுத்துக்கொண்டாள். மண் கறையேறிப் பழுப்பாகிப்போன துணிகள். யார் பார்க்கப் போகிறார்கள்?

தன் பக்கத்துக்கு மட்டும் புதுத் துணி. அதிலும் ஒரு சிக்கல். வெயிலே இல்லாததால் துணிகள் காயாமல் ஒரு மக்கல் வாடை அடித்தது, நிறமும் மங்கியது. குழு வந்து பார்க்கும் நாளில் கொடியில் மக்கல் துணியா தொங்குவது? ஐந்தாம் நாள் கொட்டகையில் தரை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் இரண்டு கை அள்ளி வாளியில் கரைத்து, துணிகளை ஊறப்போட்டு, ஒரே அலசலில் பிழிந்து மின்விசிறிக்கடியில் போட்டாள். பளிச்சென்று வந்தன. அதன்பிறகு தினமும் அப்படியே. ஒரு துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டியபோது மகள் கண்ணைக் கைகளால் மறைத்துக்கொண்டாள். "அம்மா, டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற பல்லு மாதிரி இருக்கு. உள்ள வைம்மா, கண்ணு கூசுது."

சாவியக்காவுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

பத்தொன்பதாம் நாள் பல் டாக்டர் வந்தார். மழை சற்று விட்டிருந்தது. மணல்குழியிலிருந்து பந்தைத் தூக்கும் குட்டை மட்டையைப் பையிலிருந்து உருவியவர், அதை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"அக்கா, இது என்ன சொத்தை?"

யாரோ பழுப்பு மையில் பேனாவை உதறியதுபோலப் புள்ளிகள். மட்டையின் முகம் முழுக்க. சாவியக்கா வாங்கிப் பார்த்தாள். விரல் நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. வாய் தானாக ஏதோ சமாளித்தது. டாக்டர் வேறு மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு இருபது பைகளையும் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தாள். பதினொன்றில் புள்ளி. அடிபட்டு மேல்பூச்சு தேய்ந்த இடங்களிலெல்லாம் புள்ளி.

சாவியை எடுத்து லாக்கர்களைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு, பதினாலு, இருபது. ஒன்றில்கூட ஒரு புள்ளி கிடையாது. கடையில் வாங்கிவந்த அன்று போல மின்னின.

பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடமாக ஊரெல்லாம் சொன்னது தப்பா? காற்று நடக்க வழி, ஒரு சாண் இடைவெளி, திறந்த சட்டம் எல்லாம் வெறும் பேச்சா? மூடிய பெட்டிதான் நல்லதா?

வேர்த்த முகத்தைத் துடைக்கக் கைக்குக் கிடைத்த துணியை எடுத்தாள். அந்த வெள்ளைத் துணி. மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. மெல்லிய, சுரீரென்ற ஒரு வாடை. மருத்துவமனை வராந்தாவின் வாடை. கூடவே, கழுவும் பிரிவின் சுவரில் பதினோரு வருடம் அவள் கண்ணெதிரே ஒட்டியிருந்த தாளும் ஞாபகத்துக்கு வந்தது. பிளீச் தண்ணீர் தரைக்கு மட்டும், கருவிக்கு அல்ல. தெரியாமல் அந்தத் தண்ணீரில் போட்ட கத்தரிகளின் பூட்டுவாயில் இதே புள்ளிகளை அவள் பார்த்திருக்கிறாள். இதே பழுப்பு. இதே பேனா உதறல்.

"அடிப் பாவி" என்று தன்னைத்தானே தலையில் தட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் சிரிப்பும் வந்தது. அறை தப்புப் பண்ணவில்லை. அவள்தான் பண்ணியிருக்கிறாள். பவிசு காட்டப்போய், பொட்டலம் கட்டித் துருவை வாங்கி மட்டைமேல் பூசியிருக்கிறாள். பெட்டிக்குள் இருந்தவை, யாரும் பார்க்காத பழைய துணியால் பிழைத்துக்கொண்டன.

நினைத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். யாரும் தேடி வராமல் மூலையில் கிடந்த அனாதை மட்டைகளில் தேய்ந்த மட்டைகளாக இரண்டை எடுத்தாள். ஒன்றை வெள்ளைத் துணியால் துடைத்தாள், மற்றதைப் பழுப்புத் துணியால். இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு லாக்கர் மட்டைகளை வழக்கம்போல உலர்த்திப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"துணியைப் பத்தி மட்டும் சொல்லு. பூட்டைத் திறந்ததைச் சொல்லாதே."

"அதைச் சொல்லலைன்னா பெட்டி ஜெயிச்சிடும். அது சுத்தமா இருக்கறதே என்னாலதானே?"

"சொன்னா, கையெழுத்துப் போட்டுட்டு மீறினேன்னு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. சொல்லலைன்னா மாசக் கடைசியிலே அனுப்புவாங்க. ஒரு மாசமாவது மிச்சம் இல்லையா?"

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்றாள் மகள். "நாளைக்கு ஒரு நாள் லாக்கரைத் தொடாதே. மழைதான் கொட்டுதே. அதுவும் துருப் பிடிச்சா ரெண்டு பக்கமும் சமம்."

சாவியக்கா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வருவே நீ."

ஆனால் மறுநாள் மாலை, லாக்கர் வரிசைக்கு முன்னால் நின்றபோது, மகள் சொன்னது காதில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வெளியே ஓடு பிய்ந்துவிடும் போல மழை. ஏழாம் எண்ணிலும் பதினான்கிலும் கீழிடுக்கு ஈரம். தொடாமல் போனால் போதும், கேட்பாரில்லை. சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பிறகு, "ஏய், உங்களுக்கு நான் என்ன கடன் பட்டிருக்கேனோ" என்று லாக்கர்களைத் திட்டிக்கொண்டே ஒன்றாம் எண்ணிலிருந்து திறக்கத் தொடங்கினாள்.

இருபத்தோராம் நாள் காலை குழு வந்தது. நீதிபதியம்மா, பல் டாக்டர், மேனேஜர் மூவரும். மேனேஜர் முதலில் லாக்கர்களைத் திறந்து காட்டினார். எல்லாம் மின்னின. பிறகு சட்டத்துப் பக்கம் வந்தார்கள். டாக்டரின் குட்டை மட்டை வெளியே வந்தது, இன்னொன்று, இன்னொன்று. மேனேஜர் குத்திக்காட்டவில்லை. "சங்கடமாத்தான் இருக்குக்கா" என்று மட்டும் சொன்னார்.

"எனக்குச் சங்கடமில்லை சார். நான் ரெண்டு விஷயம் சொல்லணும்."

நீதிபதியம்மா பலகையின் நுனியில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார். "சொல்லு."

"சட்டத்து மட்டையில துரு ஏத்தினது மழை இல்லை, அறை இல்லை. நான். துணி வெள்ளையா தெரியணும்னு பிளீச் போட்டேன். அது இரும்புக்கு விஷம்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் பண்ணினேன். அது ஒண்ணு."

"ரெண்டாவது?"

"லாக்கர் மட்டை நல்லா இருக்கறது லாக்கரால இல்லைம்மா. மூணாம் நாள்லேருந்து தினமும் சாயங்காலம் நான் திறந்து துடைச்சேன். பழைய துணியால. திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் திறந்தேன்."

மேனேஜரின் காது சிவந்தது.

"ஏன் திறந்தே?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"சொட்டிட்டு இருந்துச்சும்மா."

"உனக்கு எதிரா இருக்கற பக்கத்தை நீயே துடைச்சு வச்சேன்னு சொல்றே. இதை நான் நம்பணும். சாட்சி?"

சாவியக்கா பலகைக்குக் கீழிருந்து அந்த இரண்டு அனாதை மட்டைகளையும் எடுத்து வைத்தாள். ஒன்றோடு வெள்ளைத் துணி கட்டியிருந்தது, மற்றதோடு பழுப்புத் துணி. "முந்தாநாள் சாயங்காலம் துடைச்சது. ஒரே பலகை, ஒரே காத்து." வெள்ளைத் துணி கட்டிய மட்டையில் பேனா உதறியிருந்தது. மற்றது சுத்தம்.

டாக்டர் இரண்டையும் வாங்கி, நோயாளியின் வாயைப் பார்ப்பது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "அதே சொத்தைதான்" என்றார்.

"துணி விஷயம் சரி சார்" என்றார் மேனேஜர். "ஆனா லாக்கரை இவங்க துடைச்சதாலதான் நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்? துடைக்காமலே நல்லா இருந்திருக்கலாமே?"

"நியாயமான கேள்வி" என்றாள் சாவியக்கா, நீதிபதியம்மா சொல்வதற்கு முன்பே. "ஒரு வாரம் கொடுங்க. நான் தொட மாட்டேன். நான் தொட மாட்டேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அதுவும் நியாயம்தான். அதனால இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றி நீதிபதியம்மாவின் கையில் வைத்தாள்.

ஒன்பது வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் அவள் நடக்கும்போது சத்தம் கேட்கவில்லை. பின்னால் வந்து நின்றால் ஆட்கள் திடுக்கிட்டார்கள். தன் பக்கத்துப் புள்ளிகளை மெல்லிய எஃகுப் பஞ்சும் ஒரு சொட்டு எண்ணெயும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். வெள்ளைத் துணிகளைச் சன்னல் கண்ணாடி துடைக்க ஒதுக்கினாள்; பழைய துணிகளை வெறும் சோப்பில் துவைத்து, ஐந்து தண்ணீர் மாற்றி அலசினாள். லாக்கர் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சொட்டுச் சத்தம் கேட்கத்தான் செய்தது. நான்காம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தாள். அவளைத் தாண்டிப்போன புல்வெட்டும் இயந்திர ஓட்டுநர், "என்னக்கா, சளியா?" என்று கேட்டார். "இல்லை, பாசம்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எட்டாம் நாள் காலை நீதிபதியம்மா தன் லாக்கரைத்தான் முதலில் திறந்தார். திறந்த வேகத்தில் ஓரடி பின்னால் வந்தார். மூடிய குடையும் நனைந்த காலுறையும் ஒரு வாரம் குடும்பம் நடத்தினால் வரும் வாடை. கையுறையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை முளைத்திருந்தது. உறையைக் கழற்றினால் உள்ளே மரத்தலையில் வேர்வை முத்து முத்தாக. குட்டை மட்டைகளின் விளிம்பில் பழுப்புக் கோடு. இருபதில் பதினாலு பெட்டி இப்படி. மிச்சம் ஆறு பேர் அந்த வாரம் ஆட வரவேயில்லை.

மேனேஜர் தாமாகவே ஒவ்வொரு கதவாகத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். கடைசிக் கதவுக்கு வந்தபோது கைக்குட்டை மூக்கில் இருந்தது. "நான் இதை வெளியே இருந்து மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றார். அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். சாவியக்காவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

"கதவெல்லாம் கழட்டிடலாமா அக்கா?"

"எதுக்கு சார்? நல்ல கதவு. நடுவுல வெட்டிட்டு வலை அடிங்க. அடியில ஒரு சாண் திறந்து விடுங்க. ஆனா பலகையைத் தாண்டாம எதுவும் உள்ளே போகக் கூடாது. பலகைக்கு ஆள் வேணும்."

"ஆள் இருக்காங்களே" என்றார் நீதிபதியம்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா கையெழுத்துப் போட்டதை மீறினது மீறினதுதான். அதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு."

"கொடுங்கம்மா."

மேனேஜர் அன்று மதியமே கடிதத்தைக் கொண்டுவந்தார். கொடுக்கவே கூச்சப்பட்டார். சாவியக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, சன்னலோரம் போய், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்தாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்னக்கா?"

"'சில நாட்கள்' லாக்கரைத் திறந்ததா எழுதியிருக்கீங்க. சில நாள் இல்லை. பதினெட்டு நாள். ஒரு நாள்கூட விடலை. சரியாப் போடுங்க."

மேனேஜர் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். கடிதத்தோடு நீதிபதியம்மா கொடுத்தனுப்பியிருந்த சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் மாட்டினாள்.

பலகையில் பதினாலு பை வரிசையில் நின்றன. முதலாவது நீதிபதியம்மாவுடையது. உறையை உரித்துக் கொடியில் போட்டாள். பழுப்புத் துணியை உதறி எடுத்தாள். விளிம்புக் கோட்டைத் தேய்த்து, துடைத்து, கன்னத்தில் வைத்தாள். இன்னும் ஈரம். மறுபடி துடைத்தாள்.